பீரோவின் முதுகுப் பலகை

அவர் என் பீரோவின் முதுகைத் தட்டிப் பார்த்தது மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் அடுப்படியில் இருந்தேன். விறகு நனைந்துபோய்ப் புகைந்துகொண்டிருந்தது, கண்ணெல்லாம் எரிச்சல். டொக், டொக் என்று சத்தம் கேட்டதும் எலிதான் என்று விளக்குமாற்றோடு ஓடினேன். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திவிட்டு, பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, நடுவிரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், காதை வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த முகம் வந்ததே கிடையாது.

ஐப்பசியிலிருந்து வீட்டில் மரப் பேச்சுதான். வேதக்கோயில் சாமியார்மார் தோட்டத்தில் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மத்தேயு பிரதர், ஸ்பெயின்காரர், ஒருநாள் மழைக்குள் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு கித்தார், கரையான் தின்றது போக மிச்சம். அவருடைய அப்பா வாசித்ததாம். சாமியாராகப் போகிறேன் என்று புறப்பட்ட அன்று, அண்ணனிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். இப்போது அவருக்கு நெஞ்சுச்சளி கட்டிப் படுத்தியது. இந்தக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பங்குனியில் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

"கந்தவேலு, நான் வெறுங்கையோட போகக் கூடாது. அண்ணன் கேப்பான். இதே மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் மேஜை, நாற்காலி, ஜன்னல் செய்கிறவர். கித்தாரைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். ஆனாலும் "சரிங்க" என்றார். இவர் வாயில் எப்போதும் சரிதான் வரும்.

மறுநாளே தன்னிடமிருந்த ஈட்டிப் பலகையைத் துடைத்து எண்ணெய் தடவிக் காட்டினார். யாருக்கும் காட்டாமல் பதுக்கி வைத்திருந்த மரம் அது. பிரதர் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இது பணக்கார மரம். சத்தம் உள்ளயே சுத்திட்டு இருக்கும். எங்க பாட்டுக்குச் சத்தம் ஒடனே வெளிய வரணும், ஒடனே சாகணும்" என்று சொல்லி, கையைத் தட்டிக் காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்து ஆடிக் காட்டினார். சாமியார் ஆடுகிறார் என்று நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். அதற்கு ஃபிளமெங்கோ என்று பேராம். பாட்டைப் பாடுவதெல்லாம் ஒன்றுமில்லாத சனங்களாம், அதனால் கித்தாரையும் லேசான மலிவு மரத்தில்தான் செய்வார்களாம். எந்த மரம் என்றால், சைப்ரஸ். கல்லறைத் தோட்டத்து மரம். இங்கே அதில் சவப்பெட்டி செய்வார்கள். "நல்ல மரமாப் பாத்தீக போங்க" என்று நான்கூடச் சொன்னேன்.

கழுத்துக்குச் சந்தன வேம்பு கிடைத்தது. விரல் ஓடுகிற பட்டைக்குக் கருங்காலி கிடைத்தது. முகப்புப் பலகை பிரதர் ஊரிலிருந்து கப்பலில் வந்தது. பக்கத்துக்கும் முதுகுக்கும் வேண்டிய சைப்ரஸும், காற்றில் சாய்ந்த ஒரு மரம், கல்லறைப் பக்கமே கிடைத்தது. ஆனால் அது பச்சை. எங்கள் மலையில் மரம் காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பனியைக் குடித்துக்கொண்டே கிடக்கும். அதனால் நல்ல வேலை என்றால் இவர் பலகையை மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்கு இறக்கி, என் தம்பி பொன்னுவேலு சைக்கிள் கடைத் தகரக் கொட்டகையில் ஒரு கோடை முழுக்கப் போட்டு வைப்பார். கீழே ஒரு வெயில் பார்த்த மரம்தான் மரம் என்பார். இதற்கு ஏது கோடை? பங்குனியில் பிரதர் போகிறார்.

அப்போதுதான் என் பீரோ அவர் கண்ணில் பட்டது.

"சுந்தரி, இது நாப்பது வருசத்து சைப்ரஸு. சுக்காக் காஞ்சு கெடக்கு. இந்த முதுகுப் பலகைய மட்டும் எடுத்துக்கிடுறேன். அதுக்குப் பதிலாத் தேக்குல போட்டுத் தாரேன்."

நியாயமான பேச்சு. இன்றைக்கு யோசித்தால் அதைவிட நியாயமாக ஒரு மனுஷன் கேட்க முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சாமி வந்துவிட்டது. பழனியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள் நான். ஊருக்குப் போன அமெரிக்கக்காரம்மாவின் சாமான்களையெல்லாம் இவர் பெட்டி கட்டிக் கொடுத்ததற்காக அந்த அம்மா விட்டுப்போன பீரோ அது. திறந்தால் ஒரு வாசம் வரும், சேலையில் ஒரு பூச்சி அண்டாது. நான் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள எனக்கென்று இருந்த ஒரே பொருள். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஊர்ல வேற மரமே இல்லையாக்கும்? பொம்பள சேல வைக்கிற பீரோதான் கண்ண உறுத்துதோ? அதுல கைய வச்சுப் பாருங்க, வெள்ளனே மொத பஸ்ஸுல நான் பழனியில இருப்பேன்!"

அவர் எழுந்து பீரோவைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டு, "சரி" என்றார்.

பலகைக்காக நான் மறுக்கவில்லை. அந்த முகத்துக்காக மறுத்தேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப வருஷமாகிவிட்டது.

பச்சைப் பலகையை அடுப்படிப் பரணில் வைத்துப் புகையில் காயவைத்தார். தினமும் தட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். நாளாகிவிட்டது, வேறு வழியில்லை. இழைத்து, சூடு காட்டி வளைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். மாசி முடிவில் கித்தார் எழுந்து நின்றது. பிரதர் வந்து எங்கள் வாசலில் வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. யாரோ விடிய விடிய அழுது தொண்டை வறண்டபிறகு பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. 'பாத்தியா, என் பீரோ இல்லாமலும் ஆச்சுல்ல' என்றும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். அதுவும் நான்தான்.

பங்குனியில் பிரதரை வழியனுப்ப இவரும் கூடவே வத்தலக்குண்டு வரைக்கும் போனார். ரயில் மறுநாள் என்பதால் ராத்திரி பொன்னுவேலு வீட்டில் தங்கினார்கள். கித்தாரைச் சைக்கிள் கடையில் பத்திரமாக மாட்டி வைத்தார்கள். மறுநாள் நடுப்பகல், தகரம் கொதிக்கிற நேரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடைக்குள் டயர் வெடித்தது போலச் சத்தம் கேட்டதாம். போய்ப் பார்த்தால் முதுகு மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. பொன்னுவேலுதான் பிறகு வந்து சொன்னான். "பிரதரு அந்த வெடிப்பத் தடவிக்கிட்டே, பரவால்ல கந்தவேலு, பரவால்லன்னாரு. குடுத்துட்டுப் போங்க, சரி பண்ணி அனுப்புறேன்னு மச்சான் சொல்லத்தான் நெனச்சாரு போலக்கா. அதுக்குள்ள ரயிலடிக்குப் போற பஸ்ஸு வந்துருச்சு, பிரதரு ஒடஞ்சதையே எடுத்துட்டு ஏறிட்டாரு."

இவர் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்.

"மரம் காயல" என்றார். அவ்வளவுதான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஆறிப்போயிருக்கும். புண்ணியவான், சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில், பிரதர் அவர் ஊரில் இறந்துபோனதாகத் தோட்டத்துச் சாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். கித்தாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் இவர் வேலைக்குப் போனபிறகு, சேலைகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, பீரோவின் பின்பலகையைத் திருப்புளி வைத்து நானே கழற்றினேன். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இழுத்துக்கொண்டுபோய் அவருடைய வேலை மேஜைமேல் சாத்தி வைத்தேன். எதற்கு, யாருக்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

சாயங்காலம் வந்து பார்த்தார். பித்தளைத் திருகாணி எடுத்துவந்து, பலகையைத் திரும்ப அதே இடத்தில் முடுக்கினார்.

"தொறந்து கெடந்தா ஒன் சேலையில பூச்சி விழுந்துரும்" என்றார்.

பிரதர் போய் ஒன்பது வருஷமாகிவிட்டது. ஒருநாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. சேலைகள் கூடியிருக்கின்றன. மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையை எப்போதும் அடியில்தான் வைப்பேன், திறந்தால் சிலசமயம் மேலே இருக்கும். வயசாகிறது, மறதி என்று நினைத்துக்கொள்வேன். சாவியைக்கூட இப்போதெல்லாம் இடுப்பில் செருகுவதில்லை, ஆணியில்தான் தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவள், மழை பிடித்துக்கொண்டதால் பாதியிலேயே திரும்பிவிட்டேன். வாசலில் கால் வைக்கும்போது சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலில் என் சேலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன, எல்லாவற்றுக்கும் மேலே மாம்பழக் கலர்ப் பட்டு. பீரோ சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் தெரியவில்லை. பலகையோடு சாய்ந்திருந்த நரைத்த தலை மட்டும் தெரிந்தது.

"ஏன்டி சுந்தரி மழையில நிக்கிற? கதவு பூட்டியிருக்கா?" என்று எதிர்வீட்டுத் தங்கமுத்து அக்கா கேட்டாள்.

"இல்லக்கா, தொறந்துதான் கெடக்கு" என்றேன், உள்ளே கேட்காதபடி.

பையிலிருந்த பீன்ஸும் முட்டைக்கோஸும் நனைந்து கனத்தன. உள்ளே இன்னும் ஒரு தரம் தட்டினார். அவர் சேலைகளைத் திரும்ப அடுக்கி முடிக்கட்டும் என்று நான் தாழ்வாரத்துச் சொட்டுக்குக் கீழேயே நின்றேன்.