குளியலறைக் கதவுக்கு ஓர் இழைப்புளி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதவை இழைப்பதற்கு முன்பே எழுதிவிட்ட முதல் பிரதியில், மரம் சீவும் இழைப்புளி வாங்கியது, தீட்டியது, கதவை இழைத்தது எல்லாம் ‘நான்’ என்று எழுதியிருந்தேன். என் மனைவி எழிலரசி படித்துவிட்டு ஓரத்தில் ‘நீங்களா?’ என்று மட்டும் எழுதினாள். ஆகவே இது இரண்டாம் பிரதி.

2

‘மழைக்காலத்தில் கதவுகளும் மனிதர்களைப் போலவே மனம் வீங்கி…’

(நிறுத்திவிட்டேன். வீங்கியது வேப்பங்கதவு. அதற்கு மனம் கிடையாது.)

நடந்தது இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. கார்த்திகை மழையில் குளியலறைக் கதவு ஊறிப்போய், என் அப்பா சபாபதி உள்ளே மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார், கதவுதான் நிலையை விட்டு வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை. இரண்டு மணி நேரம் கத்தியிருக்கிறார். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தியவர் என்பதால் கடைசியில் தெருவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சடையப்பன் கடப்பாரையோடு வந்தார். நெம்பினால் கதவு பாழாகுமே என்று அனுமதி கேட்க எனக்கு ஏழு முறை போன் செய்தார். நான் சிதம்பரத்தில் ஒரு கூட்டத்தில் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். போன் சைலண்டில் இருந்தது.

கடைசியில் சடையப்பனே பார்த்து மெதுவாக நெம்ப, அப்பா துண்டோடு வெளியே வந்ததை நாலு பேர் பார்த்தார்கள்.

அதன்பின் அவர் அந்தக் கதவை மூடவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகே குளித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கவேயில்லை. மூன்றாம் ஞாயிறு பையில் துணி அடுக்கினார்.

“பவானி வூட்டுக்குப் போறன்.”

பவானி என் தங்கை. மங்கலம்பேட்டையில் இருக்கிறாள்.

“அங்க என்னப்பா வசதி இருக்கு?”

“பாத்ரூமுக்குக் கதவு கெடையாது. துணிதான் தொங்குது.”

“ஒரு வாரம் இருங்கப்பா, ஆசாரிய வரச் சொல்றேன்” என்றேன்.*

* ஆசாரியை வரச் சொல்வதாக மூன்று வருடமாகச் சொல்கிறேன். ஒருமுறைகூடப் போன் செய்ததில்லை. இந்தக் குறிப்பு எழிலரசி கேட்டுச் சேர்க்கப்பட்டது.

3

எழிலரசி சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மறுநாள் வேலை முடிந்து ஹார்டுவேர் கடைக்குப் போனாள். (முதல் பிரதியில் கடைக்காரர் ஒரு ஞானி. நிஜத்தில் அவர் சுப்பராயலு, வடை தின்றுகொண்டிருந்தார்.)

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான். கதவு இழைக்க.”

கையடக்கமான குட்டி இழைப்புளியை அவள் எடுத்ததும் அவர் வேண்டாமென்று தலையாட்டினார். “அது மேடு பள்ளத்துலயே ஏறி எறங்கும். நீளமா இருந்தாத்தான் மேட்ட மட்டும் சீவும்.”

நீளமான இரும்பு இழைப்புளிகள் மூன்று எடுத்துவைத்தார். அவள் ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். இரண்டைத் தள்ளினாள்.

“மாப்ள பாக்கற மாதிரி பாக்கறியேம்மா.”

“அதுக்கு இவ்ளோ பாக்கல.”

(இதையும் சேர்க்கச் சொன்னாள்.)

4

அடுத்த ஞாயிறு. கண்ணாடிப் பலகையில் சொரசொரப்பான எமரித்தாள் ஒட்டி, இழைப்புளியின் அடியில் பென்சிலால் கோடுகள் போட்டு, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தாள். அடி சமமாகிவிட்டதாம். பிளேடை நனைத்த கல்லில் தீட்டி, லேபில் ஸ்லைடைப் பார்ப்பதுபோல ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். கதவைக் கழற்றிச் சாய்த்தோம். என் பங்கு: பிடித்துக்கொண்டேன்.

முதல் இழுப்பில் மரம் பிய்ந்தது.

“ஜாஸ்தி எறங்கிடுச்சி” என்று இழைப்புளியின் திருகாணியைப் பின்னால் திருப்பி, பிளேடு முடியளவே தெரியும்படி வைத்தாள். பிறகு சுருள் சுருளாக வந்தது. அப்பா துணிப்பையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டியதும் கதவு ஒற்றை விரலுக்கு மூடியது, திறந்தது.

“மாமா, போய்ப் பாருங்க.”

“வாணாம்மா.”

“இப்பதான் சரியாயிடுச்சே?”

அப்பா கதவைப் பார்க்காமல் சொன்னார். “உள்ளேருந்து கத்தனப்ப, வெளிய யாராவது இருக்காங்களா இல்லியான்னே தெரில.”

(இங்கே ஒரு நல்ல வாக்கியம் வரவேண்டும். நான்கு எழுதி நான்கையும் அடித்துவிட்டேன்.)

எழிலரசி உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மாமா, இருக்கீங்களா?”

“இருக்கன்.”

“கேக்கல!”

“இருக்கன்மா!” பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

அவள் திறந்து வெளியே வந்தாள். அப்பா பையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்தார்.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அப்பா குளித்துவிட்டுப் பையைப் பிரிக்கிறார். மற்றதில் பஸ் ஏறுகிறார். எது நடக்கும் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அவர் இப்போதுதான் உள்ளே போனார். கதவு மூடிய சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் இன்னும் இல்லை. நான் சாப்பாட்டு மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழிலரசி மின்விசிறியை நிறுத்திவிட்டாள்.

“எழுதனது போதும். அவுங்க கூப்ட்டா யாரு பதில் சொல்றது?”

உன்னைத்தானே கூப்பிடுவார் என்று சொல்ல வாயெடு—

“டேய் செல்வா… இருக்கியா?”

செல்வா நான்தான். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே வேலை இருக்கிறது.