ஊரணிக் கூடத்தின் சாவி

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை, கேட்டு வாங்கினார்கள். பிறகு யார் மூலமாகவாவது தெரிந்துகொண்டு என்னைத் திட்ட வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயிலையும் புயலையும் சமாளிக்கச் சிறிய ஊர்களின் நிர்வாகத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று உண்டு. அதன் ஒருங்கிணைப்பாளர் சிவபிரகாஷ். நல்ல மனிதர், கெட்டிக்காரர், எதையும் படம் போட்டால்தான் நம்புவார். திருமயத்துக்குத் தெற்கே ஒரு பேரூராட்சிக்காக அவருடைய ஆட்கள் வெயிலில் அலைந்து காலநிலைத் திட்டம் ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வழியாக நீங்கள் பஸ்ஸில் போயிருப்பீர்கள், இறங்கி டீகூடக் குடித்திருப்பீர்கள்.) அந்தத் திட்டத்தின் கடைசி அத்தியாயம் மட்டும் கதையாக இருக்க வேண்டுமாம்.

"அட்டவணைய எந்தக் கவுன்சிலரும் படிக்க மாட்டாங்க மேடம். சில வருஷம் கழிச்சு ஒரு பெருமழை பெய்யுது. நம்ம திட்டத்தால ஊரே தப்பிச்சுருது. அத ஒரு கதையா எழுதிக் குடுங்க. கூட்டத்துல நானே வாசிக்கிறேன். நம்பிக்கையா முடிக்கணும், அது மட்டும் முக்கியம்."

நான் புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு பிறருடைய அறிக்கைகளைத் தமிழ்ப்படுத்திப் பிழைப்பவள். எப்போதோ சில கதைகள் எழுதியதை யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

*வானம் கறுத்தது. ஒலிபெருக்கியின் அறிவிப்பைக் கேட்டு மக்கள் பதற்றமின்றிக் காப்பகத்தை நோக்கி*

[நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் பதற்றமின்றி எதை நோக்கியும் போனதில்லை. கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவே பதறியது. நான் கேஸ் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.]

இரண்டாவது தொடக்கம்:

*கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும் இடம் ஒன்று அந்த ஊரின் நடுவில் இருந்தது.*

இது நிற்கும். ஏனென்றால் உண்மை. விண்ணிலிருந்து எடுத்த வெப்பப் படம் ஒன்றை சிவபிரகாஷ் அனுப்பியிருந்தார். ஊர் முழுக்கச் சிவப்பு. நடுவில், பேரூராட்சி காம்ப்ளக்ஸ் இருக்கும் இடம் மட்டும் நீலம். நான்கு மூலையும் அளந்து வெட்டியது போன்ற சதுரம். அந்தக் காம்ப்ளக்ஸ் ஒரு ஊரணியைத் தூர்த்துக் கட்டியது. நான் பிறப்பதற்கு முன்னால் ஊரே அதில்தான் தண்ணீர் எடுத்துக் குடித்ததாம். மண் கொட்டி, சிமெண்டு போட்டு, மேலே கடைகளும் வந்த பிறகும், ஊரணி தன் நான்கு கரைகளோடு அந்தப் படத்தில் தெரிந்தது. பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது.

சிவபிரகாஷுக்கோ சந்தோஷம். ஊரிலேயே குளிர்ந்த இடம் அதுதான் என்று படமே சொல்லிவிட்டது. காம்ப்ளக்ஸுக்குள் சமுதாயக் கூடமும் தயாராக இருக்கிறது. எனவே வெயில் காலத்தில் மயங்கி விழுபவர்களுக்கும், மழைக் காலத்தில் வீடு இழப்பவர்களுக்கும் அந்தக் கூடமே காப்பகம் என்று திட்டத்தில் எழுதிவிட்டார்கள். கூடத்துக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

3

சித்திரை மாத உச்சி வெயிலில் இடத்தைப் பார்க்கப் போனேன். காம்ப்ளக்ஸின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே கோயில் இல்லை. ஒரு பேக்கரி, ஒரு செல்போன் கடை, ஒரு தையல் கடை, அதை ஒட்டி அந்தக் கூடம். வருகிறவர்கள் வாசலில் ஒரு கணம் நிற்கிறார்கள், கழற்றுகிறார்கள், வெறுங்காலோடு பேக்கரிக்குள் போய் பப்ஸ் வாங்கி வருகிறார்கள். குடிதண்ணீர் ஊரணியில் செருப்போடு இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் கழட்டுறாங்களே ஆன்ட்டி" என்றாள்.

[சர்வே எடுத்தவர்கள் இந்தச் செருப்பு வரிசையைப் பார்த்து, வரைபடத்தில் இங்கே "வழிபாட்டுத் தலம்" என்று குறித்திருந்தார்கள். எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை.]

நானும் கழற்றியிருந்தேன். அந்த வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுடாதபோதுதான் அதைக் கவனித்தேன்.

இனி ஞானமணி. என் கதைக்குக் காப்பகப் பொறுப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். தையல்காரி, நாற்பதைத் தாண்டியவள், வாய்த்துடுக்கு, பெயர் ஞானமணி என்று ஊரைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். கூடத்தின் சாவி அவள் கடையில், தையல் மிஷினுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குவதாகவும் எழுதியிருந்தேன். இப்போது எனக்கு முன்னால் "ஞானமணி லேடீஸ் டெய்லர்" என்று பலகை தொங்கியது.

"வாங்கக்கா. ப்ளவுஸா, சுடிதாரா? இன்னிக்கிக் குடுத்தா ஆடிக்குத்தான் கெடைக்கும், இப்பவே சொல்லிப்புட்டேன்."

மிஷினுக்கு மேலே ஆணி. ஆணியில் சாவி.

"கூடத்துச் சாவிதான். காது குத்து, சடங்குன்னு யாராச்சும் கேப்பாங்க, நான்தான் தொறந்து விடுவேன். இனிமே புயல் வந்தாலும் நான்தானாம், அந்த சாரு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு பேட்ஜு எல்லாம் உண்டாம்."

(என்றோ பஸ்ஸில் போகும்போது அந்தப் பலகை என் கண்ணில் பட்டிருக்கலாம். மனது அதை எடுத்து வைத்திருக்கலாம். இந்தச் சமாதானம் எனக்குக் கொஞ்ச நாள் உதவியது. ஆனால் பஸ்ஸிலிருந்து ஆணி தெரியாது.)

4

வீட்டுக்கு வந்து எழுதினேன்:

*ஏரி நிரம்பி, ஒரு காலத்தில் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய வரத்துவாரியின் தடத்திலேயே தண்ணீர் வந்தது. காம்ப்ளக்ஸின் வாசலைத் தாண்டி, கூடத்தின் படிகளில் இறங்கியது. ஞானமணியின் மிஷின் மிதியை நனைத்தது.*

அடுத்த பத்தியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட விட்டு எல்லாரையும் காப்பாற்றுவதாக இருந்தேன். மறுநாள் காலையில், என் நம்பரை வாங்கி வைத்திருந்த ஞானமணி போன் செய்தாள்.

"அக்கா, அந்தத் திட்டத்து சாருக்குக் கொஞ்சம் சொல்லுங்க. செவுத்துல ஈரம் அடிக்குது. மிதி மட்டத்துக்கு அப்படியே கோடு போட்டாப்ல நிக்குது. துணியெல்லாம் பாழாயிரும்."

நான் எழுதியதை இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். சோதித்துப் பார்க்கும் புத்தி என்னைச் சும்மா விடவில்லை. இன்னொரு வாக்கியம் சேர்த்தேன்: *தண்ணீர் ஏறி மிஷின் பலகையைத் தொட்டது.* மறுநாள் அவள் அனுப்பிய போட்டோவில் கோடு பலகை மட்டத்தில் இருந்தது. பதறிப்போய், *தண்ணீர் வடிந்தது* என்று எழுதினேன். கோடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். அப்போதும் இறங்கவில்லை. வெளியே அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஊரில் போர்வெல் எல்லாம் வற்றிக் கிடந்தது.

5

சிவபிரகாஷ் பிளம்பரை அனுப்பினார். சுவரோரம் தோண்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் குழாயே போகவில்லை.

"நிலத்தடி ஈரமா இருக்கும் மேடம்."

"தண்ணி அது இருந்த எடத்துக்குத் திரும்பி வரும் சிவபிரகாஷ். மேட்டுத் தெரு பள்ளிக்கூடத்தக் காப்பகமா வைங்க."

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாத்தணும், வேலை இழுக்கும். கூடம் ரெடியா இருக்கு, போர்டு மாட்டினாப் போதும். சேர்மன் பிரகதாம்பாள் மேடமும் கூடம்தான்னு முடிவா இருக்காங்க. வெள்ளிக்கிழம தீர்மானம்." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒங்க கதையக் கேட்டு கவுன்சிலருங்க பயந்தா வேணா மாத்துவாங்க. ஆனா நாம நம்பிக்கையாத்தான முடிக்கிறோம்?" என்றார்.

நான் கோட்டைப் பற்றிச் சொன்னேன். எழுதிய வாக்கியங்களையும் சொன்னேன். அவர் என்னை மிகுந்த அன்போடு பார்த்து, தினமும் எவ்வளவு நேரம் தூங்குகிறேன் என்று விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அறிக்கையில் சேர்க்க முடியாது.

ஆக, என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: மோட்டார் ஓடுகிறது, எல்லாரும் பிழைக்கிறார்கள், ஞானமணி எல்லாருக்கும் டீ கொடுக்கிறாள். கவுன்சிலர்கள் கை தட்டுவார்கள். கூடம் காப்பகமாகிவிடும். ஏதோ ஒரு ஐப்பசியில் மழை கொட்டும்போது முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த இரண்டு படி இறங்கி ஊரணிக்குள் போய் உட்காருவார்கள்.

இரண்டாவது முடிவு: ஞானமணி எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு, கடைசியாக நிற்கும் ஒருவரைக் கூட்டிவர உள்ளே போகிறாள். திரும்பவில்லை. இதைக் கேட்டால் கவுன்சிலர்கள் பயந்து பள்ளிக்கூடத்துக்குக் கை தூக்குவார்கள். அவள் செத்துப்போகாமல் இருக்க, அவள் செத்துப்போனதாக நான் எழுத வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்த பிறகு எப்படி எழுதுவது?

*ஞானமணி மறுபடியும் படியில் இறங்கினாள். தண்ணீர் அவள்*

[இந்த வாக்கியத்தை யாரும் முடிக்க வேண்டாம்.]

6

அவளிடமே போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னையச் சாகடிச்சாத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்களா?"

"தெரியலம்மா. எழுதுறதா இல்ல. பயமா இருக்கு."

"எழுதலேன்னாலும் மழை வராமயா போகும்? வந்தா ஆளுக இங்கிட்டுத்தான் வருவாக. சாவி என்கிட்ட இருக்கு. பச்சப்புள்ளயத் தூக்கிட்டு ஒருத்தி வாசல்ல நிக்கும்போது தொறக்காம இருக்க முடியுமா? தொறந்து விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்கு ஓடிப்போக முடியுமா? நீங்களே சொல்லுங்க." அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "கதையில சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்துருங்கக்கா. கதைதான?" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். அவள் மிதித்த ஒவ்வொரு முறையும் மிஷினுக்கு அடியிலிருந்து யாரோ தண்ணீரில் நடப்பது போலச் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

7

வேறு யாரிடம் கொடுப்பது? பிரகதாம்பாளிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். சிவபிரகாஷிடம் கொடுக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. கடைசியில் இப்படி எழுதினேன்:

*அன்று கூடத்தின் சாவி, அந்தத் திட்டத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதிய பெண்ணிடம் இருந்தது.*

மறுநாள் காலையில் ஞானமணியின் போட்டோ வந்தது. சுவர் காய்ந்திருந்தது, கோடு இருந்த சுவடே இல்லை. "சரியாயிருச்சுக்கா!" என்று எழுதி, கூடவே பூ படம் போட்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.

நான் குடியிருப்பது மாடி வீடு. அடுப்படிச் சுவரில், என் இடுப்பு மட்டத்தில், ஈரம் ஒரே நேராகக் கோடு போட்டு நின்றது. விரலால் தொட்டேன். சேறு வாடை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், அவர் வாசலிலேயே நின்றார். "மாடியில எப்படிங்க ஈரம் ஏறும்?" என்று என்னிடமே கேட்டார். பேசிக்கொண்டே, வழக்கமாக நடுவீடு வரை போட்டுக்கொண்டு வரும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குள் நான் விட்டிருந்த என் செருப்பும் இப்போது வெளியே அதன் பக்கத்தில் கிடந்தது, அதை நான் அங்கே வைக்கவில்லை.

8

நான் தைரியசாலி இல்லை. இத்தனை பக்கம் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

சிவபிரகாஷுக்கு இதைத்தான் அனுப்புகிறேன். அடித்த வாக்கியங்கள், அடைப்புக்குறிகள், முடியாமல் விட்டவை எல்லாம் உட்பட, இதுவே கடைசி அத்தியாயம். அவர் சுருக்கச் சொல்வார். சுருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கை தூக்கப் போகிற ஒவ்வொருவர் கைக்கும் இது போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டேன். நீங்கள் அவர்களில் ஒருவராக இல்லாமல், வேறு ஊரில் உட்கார்ந்து படிப்பவராகவும் இருக்கலாம். உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு கட்டிடத்துக்கு அடியில் ஊரணி கிடக்கும்.

கதை இப்போது நிற்கும் இடம் இது: மழை விடவில்லை. கூடம் நிறைய ஆட்கள். தண்ணீர் மிஷின் பலகை வரை வந்துவிட்டது. மேட்டுத் தெருவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது.

கூடத்தை இழுத்துப் பூட்டுவோம், பள்ளிக்கூடத்தைத் திறப்போம் என்று நீங்கள் வெள்ளிக்கிழமை கை தூக்கினால், இந்தப் பத்தி நடக்கவே நடக்காது. சாவிக்கும் வேலை இல்லை. நீங்கள் கை தூக்கினீர்கள் என்ற அந்த வாக்கியம் மட்டும் எனக்கு எழுத வரவில்லை, ஏனென்றால் அது உங்களுடையது. எனக்கு எழுத வந்தது ஒன்றே ஒன்று. தப்பு என்று தெரிந்தும் எழுதினேன்:

*கூடத்தின் சாவி இப்போது இதைப் படிப்பவரிடம் இருக்கிறது.*

எழுதி முடித்ததும் எழுந்து போய் அடுப்படியைப் பார்த்தேன். சுவர் காய்ந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

*அவர் சாவியை*

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒருமுறை எழுந்து போய், உங்கள் செருப்பு நீங்கள் விட்ட இடத்தில்தான் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.