கடலுக்குப் புறமுதுகு

என் அக்கா குழாய்களைப் படம் எடுப்பவள். குளியலறைச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தின் கேட்டலாகுக்காக. வெள்ளைக் காகிதம் விரித்த மேசையில் குழாயை நிறுத்தி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்து, சுற்றிலும் விளக்கு வைத்து எடுக்க வேண்டும். பளபளக்கும் குழாய் ஒரு கண்ணாடி. கொஞ்சம் அசந்தால் எடுப்பவளின் மூக்கும் கேட்டலாகில் வந்துவிடும். ஒருமுறை வந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, குழாய் நன்றாகவே விற்றது.

திருகினால் வந்து திருகினால் நிற்கும் தண்ணீரோடு வாரமெல்லாம் குடித்தனம் நடத்துகிறவள், குளிர்காலம் வந்தால் யார் சொல்லியும் நிற்காத தண்ணீரைத் தேடிக் கிளம்பிவிடுவாள். கடலுக்குள் யாரும் போக வேண்டாம் என்று வானிலை அறிக்கையில் சொன்னதும் ஊரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். அக்கா பேட்டரியை சார்ஜில் போடுவாள்.

புயலைப் படம் எடுப்பதென்றால் கடலை முறைத்துக்கொண்டு வீரமாக நிற்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நின்றால் கண்மூடித் திறப்பதற்குள் லென்ஸ் முழுக்க உப்புத் துளி. துடைத்தால் ஈஷிக்கொள்ளும். ஆகவே அக்கா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். லென்ஸுக்கு ஓட்டலில் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் குளியல் தொப்பியை மாட்டி, கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து நிற்பாள். அவளுக்குப் பதிலாகக் கடலைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பெரிய அலை எழும்போது அந்த ஆள் "திரும்பு!" என்று கத்துவான். அவள் தொப்பியை உருவிக்கொண்டே திரும்பி, சடசடவென்று எடுத்துவிட்டு, மறுபடி முதுகைக் காட்டிவிடுவாள். புறமுதுகு காட்டுவது இழுக்கு என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் கேமரா வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

கத்தும் ஆள் நான். நான் கல்லூரியில் வணிகவியல் படிப்பதாக வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். முந்திக் கத்தினால் அலை எழுவதற்குள் லென்ஸ் நனைந்துபோகும். பிந்திக் கத்தினால் அலை விழுந்த பிறகு வரும் நுரைதான் கிடைக்கும். அந்தப் படத்துக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் "சோப்புத் தண்ணி". சோப்புத் தண்ணீர் எடுக்கத்தான் தனக்குச் சம்பளமே கொடுக்கிறார்களே, அதற்கு இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும் என்பாள்.

அவள் எடுத்த படங்களைப் பற்றி ஏதாவது நக்கலாகச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் முயன்று பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் வருகிற வாய் அதற்கு மட்டும் வரவில்லை. ஓர் அலை உடைவதற்கு முந்தைய நொடியில் அதன் உள்ளே ஒரு பச்சை வெளிச்சம் இருக்கிறது. வெயிலே இல்லாத நாளில் அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. அந்தப் பச்சையை அவள் பிடித்து வைத்திருக்கிறாள். காற்று அலையின் உச்சியைச் சீவிப் பின்னால் வீசுவதை, எருமைக் கூட்டம்போல் தண்ணீர் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருவதை, அத்தனைக்கும் நடுவில் ஒரு கடற்பறவை வேலைக்குப் போகிற முகத்தோடு பறப்பதை, எல்லாவற்றையும்.

இந்தப் படங்களில் ஒன்றுதான் வினையானது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பரிசோதகர். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் கண்ணாடியில் தலை வாருவார்கள். மாமா கூரையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். நல்ல மனிதர். நாற்காலியில்கூட நம்பி உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

போன புயலில் எடுத்ததில் மிகச் சிறந்த படத்தை அக்கா பெரிதாக அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தாள். படம் நிறைய அலை. மாமா அலையைப் பார்க்கவில்லை. கீழ் மூலையில் விரல் வைத்தார்.

"இது என்ன கம்பி?"

"அலை தடுப்புச் சுவர்ல இருக்குமே, அந்தக் கைப்பிடிக் கம்பி."

"இந்தக் கம்பியோட கடல் பக்கம் இங்க தெரியுதுன்னா நீ எங்க நின்ன?"

அக்கா தண்ணீர் குடித்தாள். நான் சாம்பாரைக் கிளறினேன்.

"கம்பிக்கு அந்தப் பக்கமா நின்ன?"

"ஒரு நிமிஷம்தாங்க."

"மச்சான், நீ?"

"நான் கம்பியைப் பிடிச்சிட்டுதான் மாமா நின்னேன்" என்றேன். உண்மைதான். எந்தப் பக்கமிருந்து என்று அவர் கேட்கவில்லை.

மாமா கத்துகிறவர் இல்லை. ஆபத்தான லிஃப்டைக் கண்டால் கத்துவதில்லை, பூட்டிவிடுவார். அதேபோல் தட்டை நகர்த்திவிட்டு, "இதோட போதும்மா" என்றார். "நீ அங்க போற ஒவ்வொரு தடவையும் நான் சைட்ல வேலை பாக்கல, போனைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

அக்கா படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை நீங்க வாங்க. எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க. பாத்துட்டு வேண்டாம்னா கேமராவைக் குழாயோட நிறுத்திக்கறேன். சத்தியமா."

அவள் சத்தியம் செய்தால் காப்பாற்றிவிடுவாள். அதுதான் அவளிடம் இருக்கும் ஆபத்தான பழக்கம்.

அடுத்த புயல் ஒரு விடுமுறை நாளில் வந்தது. மாமா கடற்கரைச் சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, சுவர்களில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, பாசி எங்கே முடிகிறது என்றெல்லாம் தடவிப் பார்த்தார். கடைசியில் மேட்டுச் சாலையில் இருந்த ஐஸ்கிரீம் கடையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்காலத்துக்காக மூடியிருந்தது. முன்னால் கூரை போட்ட வராந்தா, அதற்கு முன்னால் இடுப்பளவுக்குக் கல்சுவர், அதற்குக் கீழே வெகு ஆழத்தில் கடல். சுவரை உதைத்துப் பார்த்தார். சுவர் பாஸானது.

"இங்கேயிருந்து எடுத்தா கடல் தபால்தலை சைசுக்குத்தாங்க வரும்" என்றாள் அக்கா.

"தபால்தலையாவே இருக்கட்டும். ஆள் முழுசா வீடு வந்து சேரணும்."

அடுத்து இன்னோர் ஆணை போட்டார். "கத்துறது நான். இவன்கிட்ட உன் உசுரைக் குடுக்க முடியாது."

நான்கு குளிர்காலம் பார்த்த வேலை ஒரு நொடியில் போயிற்று. உலர்ந்த துணிகளை நனையாமல் வைத்திருக்கும் பதவி எனக்குத் தரப்பட்டது. அலுவலகம், என் அக்குள்.

மாமா கத்தின லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். வருகிற அலைக்கெல்லாம் கத்தினார். "திரும்பு! ஐயோ, வேண்டாம்! திரும்பாத! காலைப் பாரு!" அக்கா பம்பரம்போல் சுற்றினாள்.

"ஏங்க, இது அலையா? குட்டை! இதுக்கா கத்துனீங்க?"

"எனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியுது!"

"பொறுமையா பாருங்க. முதல்ல தண்ணி பின்னாடி போகும். பாறை அடி வரைக்கும் வெளிய தெரியும். அதுக்கப்புறம் வரதுதான்."

அவர் பார்க்க ஆரம்பித்தார். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இயந்திர அறையில் மோட்டாரைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து. காற்று அவருடைய மழைக்கோட்டை ஊதிப் பலூனாக்கியது. மெதுவாக அவருக்குப் பிடிபட்டது. கத்துவது குறைந்தது. கத்தியபோது சரியாகக் கத்தினார். அக்கா இரண்டொரு நல்ல படம்கூட எடுத்துவிட்டாள். சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முதுகைக் காட்டினாள்.

பிறகு கடல் பின்வாங்கியது.

கீழே, கரையிலிருந்து தள்ளி, கடைவாய்ப்பல் மாதிரி ஒரு பெரிய பாறை உண்டு. அதன் அடியை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று கறுப்பாக, தண்ணீர் சொட்டச் சொட்ட முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் அடிவானம் கொஞ்சம் உயர்ந்தாற்போல் இருந்தது. அது அடிவானம் இல்லை.

அந்த அலை பாறையில் மோதவில்லை. பாறையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. அப்புறம் நிமிர்ந்தது. பாறை, பக்கத்துச் சுவர், நாங்கள் நின்ற மேடு எல்லாவற்றையும் தாண்டி எழுந்து எங்கள் கண்ணுக்கு நேராக வந்தது. அதற்கும் மேலே போனது. போய் அங்கே நின்றது. அதனுடைய வெள்ளையில் பச்சை, பச்சையில் கறுப்பு. எத்தனை நேரமென்று தெரியாது. மேலே ஏறிய வேகமெல்லாம் தீர்ந்து, கீழே விழுவது இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில் சத்தமே இல்லை. புயல்கூட ஒதுங்கி நின்று வழிவிட்டமாதிரி இருந்தது. பிறகு மொத்தமும் ஒன்றாக விழுந்தது. காலடியில் தரை ஒருமுறை அதிர்ந்தது. மூடிய கடையின் ஷட்டர் நெடுநேரம் முனகியது.

மாமா கத்தவில்லை. வாய் திறந்துதான் இருந்தது; அதிலிருந்து எதுவும் வரவில்லை. அக்குளில் துணியோடு நானும் ஒரு சிலை.

மூன்று பேரில் அக்கா ஒருத்திதான் அதைப் பார்க்கவில்லை. அவள் முதுகில் சாரல் வந்து இறங்கியதும் தலையைத் தூக்கினாள்.

"என்னாச்சு? என்ன அது சத்தம்? ஏன் யாரும் கத்தல?"

திரும்பிப் பார்த்தாள். கீழே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோப்புத் தண்ணீர்.

"போச்சா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "பெருசா?"

மாமா கையை மேலே தூக்கினார். போதாமல் நுனிக்காலில் நின்று இன்னும் தூக்கினார்.

"மேல போச்சும்மா. கயிறு இல்ல, மோட்டார் இல்ல, மேல இருந்து இழுக்க ஒண்ணுமே இல்ல. அவ்வளவு வெயிட்டு! தானா ஏறுது! ஏறி, அங்க போய் நிக்குது. ஆடல, குலுங்கல. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து எந்த மாடியிலயும் அவ்வளவு சுத்தமா ஒண்ணு நின்னு பாத்ததில்ல." மூச்சு வாங்கியது. "எடுத்தியா?"

"நீங்க கத்துனாத்தானே எடுக்க!"

"எடுக்கலையா?"

"முதுகுலயா கண்ணு இருக்கு எனக்கு? நாலு குளிர்காலமா இது ஒண்ணுக்காகத்தாங்க நான் நனைஞ்சேன்!" அக்கா தொப்பியைப் பிடுங்கிப் பையில் திணித்தாள். "தடியா, உனக்கென்னடா வந்துச்சு? நீயாவது கத்தித் தொலைக்கக் கூடாதா?"

"என்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சுல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்தாள். உப்பில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "சரி. வந்தீங்க, பாத்தீங்க. வேண்டாம்னு சொல்லிடுங்க, வீட்டுக்குப் போலாம். சொன்ன சொல்லை நான் காப்பாத்தறேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் வெளிறித்தான் இருந்தது. பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சுவரைப் பிடித்த கை இறுகியே இருந்தது.

"அப்ப அது நடந்ததுக்கு ஆதாரமே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"அதெப்படிம்மா விடறது?" நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. எதையும் சோதித்துப் பார்த்து, சோதித்ததற்கு அத்தாட்சி வைத்தே பழகிய மனிதர். "அவ்வளவு பெருசா ஒண்ணு ஏறி இறங்கியிருக்கு. நாம மூணு பேரும் இங்க இருக்கோம், கையில கேமரா இருக்கு. எடுக்கலன்னா யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? நானே சொன்னாலும் நான் நம்ப மாட்டேனே!"

"அது இனிமே வராதுங்க."

"வராதுன்னு நீ எப்படிச் சொல்ற? தொப்பியை மாட்டு."

அக்கா ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சுவருக்கு அந்தப் பக்கம் கால் போகக் கூடாது" என்றார் மாமா, இன்னும் திரும்பாமல். "எந்த இடம்னு நான்தான் பாப்பேன். நான் இல்லாம கிளம்பக் கூடாது. மாட்டு சீக்கிரம், தண்ணி பின்னாடி போகுது."

"வெளிச்சம் குறையுதுங்க..."

"நாளைக்கும் காத்து இருக்கும்னுதானே ரேடியோவுல சொன்னான்?"

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கே."

"லீவு போட்டுக்கறேன். லிஃப்டு எங்க போயிடும், மேலயும் கீழயும்தானே."

அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று சந்தேகம்.

அக்கா தொப்பியை எடுத்து உதறி மாட்டினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, அதாவது எனக்கு நேரே முகத்தை வைத்து, குனிந்து நின்றாள். முகத்தில் வழிந்தது கடல் தண்ணீரா வேறு தண்ணீரா என்று நான் ஆராயவில்லை. உலர்ந்த துணி ஒன்றை நீட்டினேன். வாங்கித் தன் முகத்தைத் துடைக்காமல் கேமராவைத் துடைத்தாள்.

"திரும்பு!" என்று மாமா போட்ட கத்தலில் கூரையிலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.