ஃபால்காவ் கோல் போட்ட பிறகு

உலகம் முழுக்க அந்த ஆட்டத்தில் இத்தாலி மூன்று, பிரேசில் இரண்டு. எங்கள் ஊர் உப்பளத்தில் சவரிராயன் வீட்டில் மட்டும் இரண்டுக்கு இரண்டு. நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். தோற்றது எங்களுக்கும் தெரியும். பேப்பரில் நாங்களும்தான் படித்தோம். அதற்காக, எங்கள் கேசட்டில் இல்லாத கோலை நாங்கள் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

அந்தக் கேசட்டை எடுத்தவன் சவரியின் அண்ணன் ரிச்சர்ட். அவர்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. ரிச்சர்ட் பாரிசுக்குப் போய்த் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பாஸ்போர்ட்தான் பிரான்சு, மனசெல்லாம் பிரேசில். 1982 உலகக் கோப்பை நடந்தபோது எங்கள் தெருவில் டிவியே கிடையாது. தம்பி பார்க்க முடியாதே என்று, கூட வேலை பார்த்தவனிடம் வீடியோ கேமராவை இரவல் வாங்கி, டிவிக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தி ஆட்டத்தை அப்படியே பிடித்தான். ஃபால்காவ் பிரேசிலின் இரண்டாவது கோலைப் போட்டதும் அவன் துள்ளிய துள்ளலில் ஸ்டாண்டு சாய்ந்து கேமரா விழுந்துவிட்டது. படம் அதோடு நின்றது. இத்தாலியின் மூன்றாவது கோல் உப்பளத்துக்கு வந்து சேரவே இல்லை.

மிச்சமிருந்த கேசட்டில் அடுத்த வருஷம் தன் மகள் லினெட்டின் ஞானஸ்நானத்தையும் அங்கேயே நண்பனை விட்டுப் படம் பிடிக்கச் சொல்லி, கேசட்டை ஊருக்கு அனுப்பினான். சவரி வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கேசட்டை முழுசாகப் பின்னுக்குச் சுற்றிப் போட்டதில், குழந்தைக்குப் பதிலாகப் பதினோரு பேர் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நானும், எதிர்வீட்டு முருகையனும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். "மாத்தாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவர்கள் எல்லாரும் திரும்பி முறைத்தார்கள்.

படம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பார்க்கச் சகிக்காது. நடுவில் ஒரு கறுப்புப் பட்டை ஏறிக்கொண்டே இருக்கும். பிரான்சுக் கேசட் நம் டெக்கில் நிறமில்லாமல்தான் ஓடும். உலகமே கொண்டாடிய மஞ்சள் சட்டை எங்களுக்கு வெள்ளை. ஆனாலும் ஜிக்கோ முதுகில் ஆளை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றித் தப்பிப்பதைப் பாருங்கள். அவன் தள்ளிய பந்தை வாங்கிக்கொண்டு தாடிக்கார சாக்ரடீஸ், ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் போகும் டாக்டர் மாதிரி அவசரமில்லாமல் போய், கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் நடுவே சந்து கண்டுபிடித்துத் தள்ளுவதைப் பாருங்கள். டாக்டர் மாதிரி என்ன, அவர் நிஜமாகவே டாக்டர்தான். டிரா செய்தாலே போதும் என்று தெரிந்தும் ஜெயிக்க ஓடின பைத்தியக்காரக் கூட்டம் அது. இப்போது ஆடுகிறவர்களைத் திட்ட மாட்டேன். அவர்களும் ஓடுகிறார்கள், தலைக்குச் சாயம் அடிக்கிறார்கள், லேசாகத் தொட்டாலே உருள்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஜிக்கோவைப் பார்த்தால் இன்றைக்கும் தானாகச் சிரிப்பு வரும்.

இன்னொன்று உண்டு, ரிச்சர்டின் குரல். கேமரா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததால் பிரெஞ்சு வர்ணனைக்கு மேலே அவன் பேச்சுத்தான் பெரிசாகக் கேட்கும். இத்தாலிக்காரன் ஜென்டீலே ஜிக்கோவின் சட்டையைக் கிழிக்கும்போது அவன் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது. செரெசோ பந்தைத் தப்பாகத் தள்ளி எதிராளிக்குக் கொடுக்கும் இடத்தில், செரெசோவின் பரம்பரையையே இழுத்துவிடுவான். சவரியின் மனைவி புஷ்பமேரி தினமும் பூசைக்குப் போகிறவள். எந்த இடத்தில் எது வரும் என்று அவளுக்கு அத்துப்படி. சரியாக அந்த நேரத்துக்குச் சமையலறையில் மிக்சியை ஓடவிடுவாள். உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் ஜார்தான்.

பிரேசில் கோல் போடும்போது மட்டும் ரிச்சர்ட் திட்ட மாட்டான். "சவரி, பாத்தியாடா!" என்று கத்துவான். தம்பி இருப்பது கடல் தாண்டி, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. உப்பளம் மைதானத்தில் நாங்கள் கோல் போட்டாலும் அதையே கத்தினோம். எங்களைப் பார்த்து அடுத்து ஆட வந்தவர்களும் கத்தினார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பசங்க கோல் போட்டால் அதைத்தான் கத்துகிறார்கள். சவரி யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது. மைதானத்து வழியாகப் போகும்போது சவரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

ரிச்சர்ட் 85-இல் பாரிசில் கார் மோதி இறந்துவிட்டான். அவன் மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள், கடிதம் குறைந்து நின்றது. கேசட் மட்டும் எங்களிடம் தங்கியது. அதற்கு நான் ஒரு சட்டம் போட்டேன்: வருஷத்துக்கு ஒரே தடவை, ஆட்டம் நடந்த ஜூலை ஐந்தாம் தேதி. "செல்போனுக்கு மாத்திக்கலாம் விஜயராகவா, நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான்" என்று முருகையன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். மாற்றினால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டுகூடப் பார்ப்பார்கள். சாக்ரடீஸைப் பஸ் ஸ்டாப்பில் பார்க்கக் கூடாது. ஃபால்காவ் கோல் போட்டதும் மூன்று பேரும் எழுந்து, கட்டிப்பிடித்து, கத்தி, முருகையன் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொள்வோம். அதற்குள் பூசை மணி கேட்கும், ஞானஸ்நானம் ஆரம்பித்திருக்கும். டெக்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

இந்த ஜனவரியில் லினெட் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், தலையில் அங்கங்கே நரை. விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சவரி வீட்டு வாசலில் நின்று, "தொந்தோன்?" என்று கேட்டாள். சித்தப்பாவைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சவரி கதவை முழுசாகத் திறந்துவிட்டான். ஞானஸ்நான உடுப்பில் அழுதுகொண்டிருந்த குழந்தையாகத்தான் அவளை எங்களுக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும், அம்மாவிடம் பழகிய தமிழில் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு அப்பா குரல் தெரியாது. போட்டோ ரெண்டு இருக்கு, ரெண்டுலயும் நேரா நிக்கறார். அம்மா சொல்லும், அப்பா பேசவே மாட்டார்னு. ஊருக்கு ஒரு கேசட் போச்சு, அதுல இருக்கலாம்னு போன வருஷம்தான் சொல்லிச்சு. இருக்கா?"

"இருக்குது" என்றான் சவரி.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் போய்க் கேசட்டை எடுத்துவந்தேன். ஜனவரியில் அது வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. முருகையன் தன் வீட்டு டெக்கைத் தூக்கி வந்து ஒயரை மாட்டினான். புஷ்பமேரி எங்கள் மூவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்த பொண்ணு முன்னாடி அந்தப் பேச்செல்லாம் போடாதீங்க. அப்பன்காரன் வாயத் தொறந்தா இதானான்னு நெனச்சிக்கும். நேரா ஞானஸ்நானத்துக்குப் போயிடுங்க."

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆட்டத்தை வேகமாக ஓட்டித் தள்ளிவிட்டு நேராக ஞானஸ்நானம் நடந்த கோயிலுக்குப் போனோம்.

நாங்கள் அதை உருப்படியாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான். ஆர்கன் வாசித்தது. சாமியார் பேசினார். குழந்தை அழுதது. ரிச்சர்ட் கோட்டு சூட்டில், டை கழுத்தை இறுக்க, அட்டென்ஷனில் நின்றான். எல்லாரும் ஜெபம் சொன்னபோது அவன் உதடும் அசைந்தது, அவ்வளவுதான். கடைசியில் சாமியாருக்குக் கை கொடுத்தான். படம் முடிந்து திரை நீலமானது.

 லினெட் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா சொன்னது சரிதான்" என்றாள். "மெர்சி, தொந்தோன்."

நாங்கள் மூன்று பேரும் குற்றவாளிகள் மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ரிச்சர்ட் பேசமாட்டானாம்! அவன் வாய் ஓயாமல் கேட்டுக் கிழவர்களானவர்கள் நாங்கள். சவரி வாயைத் திறந்தான், மனைவியைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

புஷ்பமேரிதான் எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். மிக்சிக்குத் தயாராகப் போகிறாள் என்று நினைத்தேன். ஒயரைப் பிடுங்கி, மிக்சியையே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தாள்.

"பின்னாடி சுத்துங்க. மொதல்லேர்ந்து போடுங்க" என்றாள். லினெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா கொஞ்சம் கெட்ட வார்த்த பேசுவாரும்மா. ஒண்ணும் நெனச்சிக்காத."

முதல் திட்டு, இத்தாலி முதல் கோல் போட்டபோது வந்தது. லினெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதா?" என்றாள். "இதான்" என்றான் சவரி. ஜென்டீலே சட்டையைக் கிழித்தபோது வந்த வார்த்தைக்கு அவள் அர்த்தம் கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன், முருகையன் டெக்கைத் துடைத்தான். புஷ்பமேரி, "ஆண்டவர் தண்டிப்பார்னு சொல்றாரு" என்றாள். லினெட் சிரித்த சிரிப்பில் அந்த மொழிபெயர்ப்பை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. செரெசோவின் பரம்பரை வந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வர, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. இடது பக்கத்திலிருந்து ஜூனியர் உள்ளே கொடுத்த பந்தை ஃபால்காவ் வாங்கினான். செரெசோ பந்தே இல்லாமல் வெளிப்பக்கம் ஓட, இத்தாலிக்காரர்கள் அவனை நம்பி அவன் பின்னால் விலகினார்கள். ஃபால்காவ் இடது காலால் அடித்தான். நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம், கட்டிப்பிடித்தோம், ரிச்சர்டோடு சேர்ந்து கத்தினோம். முருகையனின் கண்ணாடி விழுந்தது.

"கால்!" என்றாள் லினெட்.

அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"என்ன காலு?"

"அப்பா கால். தரையில."

"கேமரா வுழுந்தா அப்படித்தாம்மா கோடு கோடா வரும்" என்றான் முருகையன், கண்ணாடியைத் தடவிக்கொண்டே. "நாப்பது வருஷமா பாக்கறோமே."

"இல்ல. நீங்க பாக்கல. நீங்க நின்னுட்டீங்க."

கேசட்டில் ரொம்பத் தேய்ந்த இடம் அது. அங்கே ஒரு முறை கூடுதலாகச் சுற்றினாலே அறுந்துவிடும் என்று மிரட்டி மிரட்டியே இத்தனை வருஷம் அதைக் காப்பாற்றியிருக்கிறேன். முருகையன் என் முகத்தைப் பார்த்தான். நானே எழுந்துபோய்ப் பின்னால் சுற்றினேன்.

ஃபால்காவ் கோல் போடும்போது உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சவரி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜூனியர் கொடுத்தான், செரெசோ ஓடினான், பந்து வலைக்குள் போனது. "சவரி, பாத்தியாடா!" படம் சாய்ந்தது. சாய்ந்த படத்தில் தரை தெரிந்தது, ஒரு மேசைக்கால் தெரிந்தது. அதற்குப் பின்னால், கட்டம் போட்ட கைலிக்குக் கீழே, வெறுங்கால் இரண்டு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. நன்றாகப் பார்ப்பதற்குள் பூசை மணி அடித்தது.

"எங்க அண்ணன்தான்" என்றான் சவரி. "அந்த வெரலு இங்க, நம்ம கிரவுண்டுல, கல்ல எத்தி ஒடச்சிக்கினது. நான்தான் தூக்கிக்கினு வந்தேன்."

வருஷா வருஷம் அவன் அங்கே ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். சரியாக அந்த நேரம் பார்த்து நாங்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கோட்டு சூட்டில் அட்டென்ஷனில் நின்றவனை இனி இந்தப் பெண் தன் அப்பா என்று நினைக்க வேண்டியதில்லை.

"இன்னொரு தடவை?" என்று லினெட் என்னைப் பார்த்துக் கேட்டாள். செல்போனைத் திரைக்கு நேரே பிடித்திருந்தாள், அவள் அப்பா கேமராவை நிறுத்திவைத்த மாதிரியே.

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது" என்றேன்.

மூன்றாவது முறை கோல் விழுந்தபோதும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. யாராவது எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். செல்போனைப் புஷ்பமேரி கையில் கொடுத்துவிட்டு எழுந்து, அப்பாவோடு சேர்ந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"சவரி, பாத்தியாடா!"

சவரி திரையில் குதிக்கும் அந்தக் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்துட்டேண்ணே" என்றான்.