ஊதிக் காட்டுங்க

புருஷன் வாயில் கிராம்பு வாசம் அடித்த அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பல்வலியாம். எந்தப் பல் என்று கேட்டால் ஒரு நாள் இடது பக்கம், மறுநாள் வலது பக்கம். பல்லுக்குக்கூடவா இடமாற்றம் வரும்? போதாக்குறைக்குச் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையை நனைத்தறியாத மனுஷன்! சிகரெட்டை விட்டுவிட்டதாகத் தன் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் வேறு.

அவளோ நுரையீரல் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஊதச் சொல்லிக் கண்டுபிடிப்பவளிடமே கதை விடுகிறாரே என்றுதான் ஆத்திரம். பொய் என்று மட்டும் தெரியட்டும், அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவே செய்திருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு அன்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை. மத்தியானம் அவளிடம் வீட்டுச் சாவி வாங்க வந்தவரை அவள் விடவில்லை.

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும். ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

"நான் எதுக்கு?"

"சும்மாதான். ஏன், பயமா?"

கையடக்கமான மீட்டர் அது. மூச்சை அடக்கி மெதுவாக ஊதினால், அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். புகைக்காதவர்களுக்கு ஐந்தாறைத் தாண்டாது. அவருக்கு இருபத்துநான்கு காட்டியது.

"இது என்னவாம்?" என்றாள்.

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மாட்டினதும் மெஷின் மேல பழியா? அத்தை மேல சத்தியம் பண்ணினீங்களே, கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கா?"

"நான் தொடவே இல்ல. நீயே ஊதிப் பாரு, உனக்கும் இதையேதான் காட்டும்."

அவர் வாயை அடைக்கவென்றே புதுக் குழாயை மாட்டி ஊதினாள். பதினேழு.

அந்த வழியே போன நர்ஸை இழுத்து வந்து ஊதச் சொன்னாள். இரண்டு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து சிகரெட்டைக் கையால் தொடாதவளுக்குப் பதினேழு எங்கிருந்து வந்தது? வீட்டில்தான் ஏதோ இருக்கிறது.

குளியலறை கேஸ் ஹீட்டர்! காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடுதான் கிளம்பும். குளிர்காற்று வருகிறதென்று போன வாரம் அந்த ஜன்னலை டேப் போட்டு இடைவெளி இல்லாமல் அடைத்ததே அவள்தான். அன்றிலிருந்து அத்தை தலைவலி, கிறுகிறுப்பு என்று படுத்துக்கொள்கிறார். அவரையும்தான் அவள் நம்பவில்லை. வேலை செய்யாமலிருக்கச் சாக்கு என்று நினைத்துக் காலையில் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, "தொண்ணூத்தொன்பது இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

படித்த பாடமெல்லாம் அப்போதுதான் உறைத்தது. நுரையீரலின் காற்றுப்பைகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மகா மெல்லிய சுவர். அதைக் கடந்து ஆக்ஸிஜன் உள்ளே போகும், கரியமில வாயு வெளியே வரும். உள்ளே போன ஆக்ஸிஜனுக்கு ஹீமோகுளோபினில் இடம் உண்டு. கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் நுழைந்து அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவன் மாதிரி லேசில் எழுந்திருக்காது. விரல் கிளிப்போ சீட் நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கும், உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

"அத்தை குளிக்கிற நேரம் இது" என்றாள். மூட்டுவலிக்காக மத்தியானத்தில் நெடுநேரம் வெந்நீரில் குளிப்பார் அத்தை. வீட்டுக்குப் போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான், இருவரும் ஓடினார்கள். குளியலறைக் கதவை அவர் தோளாலேயே இடித்துத் திறந்தார். அத்தை தரையில் கிடந்தார். ஹீட்டரை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து முகமூடியை மாட்டி ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டது.

சாயங்காலம் அத்தை கண் விழித்தார். முகமூடியை விலக்கிக் கேட்ட முதல் கேள்வி, "ஹீட்டரை அணைச்சீங்களா? கேஸ் வீணாப் போகுதே." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வராந்தாவில் புருஷன் மெல்ல ஆரம்பித்தார். "பாத்தியா? ஹீட்டர்தான். என்னைப் போய்ச் சந்தேகப்பட்டியே."

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. காலையில் ஹீட்டரைப் போட்டுக் குளித்தது அவள். அவரோ ராத்திரியில் குளித்துவிட்டு, அவள் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறவர். ராத்திரி உள்ளே போனதில் பெரும்பங்கு மத்தியானத்துக்குள் மூச்சோடு வெளியேறியிருக்க வேண்டும். அவளைவிடக் குறைவாகத்தானே காட்டியிருக்க வேண்டும்?

அவரையே உற்றுப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டே ரெண்டுதான்" என்றார். "காலையில."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று தோன்றிவிட்டது.

"இதை மத்தியானமே ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா நான் ஊதியிருக்கவே மாட்டேன்" என்றாள். "உங்ககிட்ட சண்டை போட்டுட்டு நின்னிருப்பேன். அத்தை அங்கேயே போயிருப்பாங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பொய்யைத் திட்டவும் முடியவில்லை, நல்லதாகப் போயிற்று என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.