இடது இறக்கையில் ஒரு பள்ளம்

என் வீட்டுக்காரர் தானியேல் இருபது வருடம் மிக்-21 போர் விமானங்களைப் பழுது பார்த்தவர். வடக்கே எந்தத் தளத்தில் என்று கேட்டால் ரகசியம் என்பார். கீரைக்காரம்மாவிலிருந்து எங்கள் சபை ஆயர் வரை அந்த ரகசியம் தெரியாத ஆள் திருத்தணியில் இல்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு அவருக்குப் பழுது பார்க்க விமானம் கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன். சாம்பாரில் குறை, துணி காயப்போட்டதில் குறை, ஜெபத்தில் நான் ஆமென் சொல்லும் வேகத்தில்கூடக் குறை. அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் மொட்டைமாடிக்கு ஓடிப் போய் அதன் சத்தத்திலும் குறை கண்டுபிடிப்பார்.

நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் வரிசை கட்டிப் பல்லாக்கித் தருவேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பொறுமை போய், இவருடைய மிஷினையே செய்து இவர் வாயை அடைக்கிறேன் என்று ஆன்லைனில், பாகங்களை ஒட்டிச் செய்யும் ஒரு மிக்-21 பிளாஸ்டிக் கிட் வாங்கினேன். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பல் இடுக்கைச் செதுக்கும் ஊசி விமானத் தகட்டின் கோட்டைச் செதுக்காதா என்ற திமிர்தான்.

செதுக்கியது. அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். விமானத்தில் கண்ட குறைகளை வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்கள் வேலையில் வழக்கமாம். முப்பத்தொரு குறைகள். அடுத்த விமானத்துக்குப் பதினேழு. மூன்றாவது, சென்னையில் மாதிரி விமானக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. கேடயத்தோடு வந்து நின்றேன்.

"பரிசு குடுத்தவங்க மிஷின தொட்டு வேல செஞ்சவங்களா?" என்று கேட்டுவிட்டு ஒன்பது எழுதினார். அதில் ஒன்று, ஓடின டயர் இவ்வளவு கறுப்பாக இருக்காது என்பது. போய்ப் படங்களைப் பார்த்தேன். இருக்காதுதான். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலே.

அதன் பிறகு எனக்குக் கேடயம் வேண்டியிருக்கவில்லை. அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் 'குறை இல்லை' என்று எழுதி, கீழே தானியேல் என்று கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் எட்டு மாதம் நான்காவது விமானத்தில் உட்கார்ந்தேன். மாத்திரை அட்டைத் தகட்டை வெட்டி விமானி இருக்கைக்கு பெல்ட் செய்தேன். கெட்டுப்போன இயர்போனின் செம்புக் கம்பியில் பிரேக் குழாய். கரித்தூள் தடவிப் புகைக்கறை. வாலில், அவரே பழுது பார்த்த ஒரு மிஷினின் எண்.

வெள்ளிக்கிழமை விமானம் முடிந்தது. அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அதே மேசையில் கே.ஜி.கண்டிகை முனியனின் மேல் பல் செட்டை முடித்துக்கொண்டிருந்தேன். பேத்தி கல்யாண போட்டோவில் பொக்கை வாயோடு நிற்க மாட்டேன் என்று ஆள் ஒற்றைக் காலில் நின்றார். மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடேற்றி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு நிர்மலா ஜன்னலில் வந்து கறிவேப்பிலை கேட்டாள். திரும்பினேன். கத்தி முனை இடது இறக்கையின் முன் விளிம்பில் பட்டது.

ஒரே நொடிதான். கருகல் வாசனை வந்தது. கடுகளவு பள்ளம். அப்போது என் வாயில் வந்ததை ஆயரிடம் சொல்ல முடியாது. அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க ஒரு முழு நாள் வேண்டும். அதற்குள் கேட் சத்தம் கேட்டது. இடது பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

இருபது வருடம் பழுது பார்த்தவர் சுவரைப் பார்த்த பக்கத்தை விடுவாரா? அதைத்தான் முதலில் திருப்பினார். டார்ச் வெளிச்சம் பள்ளத்தில் போய் நின்றது. பேனாவை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல் பிடுங்க வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"இன்னாத்த?"

"பாலசுப்பிரமணியன் தான? யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணானே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. "யார் சொன்னா இன்னாங்க. உங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அந்த எண் போட்ட மிஷினில் ஒரு நாள் ஏணியில் நின்று வேலை செய்யும்போது கையிலிருந்த ஸ்பேனர் நழுவி இறக்கையின் விளிம்பில் விழுந்து பள்ளமாகிவிட்டதாம். ஏணியைப் பிடித்திருந்த பாலசுப்பிரமணியனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, பயத்தில் வாயை மூடிக்கொண்டார். மிஷின் பறந்து இறங்கிய பிறகு அதிகாரி பள்ளத்தைப் பார்த்துக் கேட்க, இவர் கழுகு மோதியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். கழுகு மோதியும் பத்திரமாக இறக்கினதற்கு விமானிக்குப் பாராட்டு. எல்லோருக்கும் லட்டு.

"நீங்க துன்னீங்களா?"

"ரெண்டு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

பிறகு நோட்டை இழுத்து, 'குறை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "அதே எடம் பிரேமா. ஒரு நூல் தள்ளி இல்ல. யாருகிட்டயும் சொல்லிகினு இருக்காத."

நான்கு வருடமாக ஏங்கியது கையில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. "மத்த எடத்தலாம் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவர் பார்க்கவே இல்லை. என் வாயை மூட ஒரு கையெழுத்து. என் எட்டு மாத வேலைக்கு இல்லை. வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். அந்தப் பக்கத்தை அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன்.

"யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. மெழுகு கத்தி பட்டுடுச்சு, அவ்ளோதான். எழுந்து ஒழுங்கா பாருங்க."

அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருடம் காத்த ரகசியத்தை ஒரு மெழுகுக் கத்தியிடம் கொட்டிவிட்டாரே. முகம் சிவந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு பழிவாங்குகிற மாதிரி பார்த்தார். டயரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், குழாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சக்கர மறைப்பின் உள்பக்கம் பார்க்கப் பல் டாக்டர் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம். நான் முனியனின் பல்லைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எழுதினார். நீட்டினார். மூன்று வரி.

'குறை: ஒன்று. இடது இறக்கை முன் விளிம்பில் பள்ளம். காரணம்: ஸ்பேனரை விட்டது தானியேல், கழுகு இல்லை.'

கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் இருந்தன.

"கத்தி பட்டது என் தப்புங்க. அத எழுதலியே," என்றேன்.

"அந்த மிஷினு நோட்டுல எழுத வேண்டியது இது. அப்ப எழுதல."

"அப்ப மத்தது?"

"எழுதலன்னா சரின்னு அர்த்தம்."

"வாயால சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரியா இருக்குது பிரேமா" என்றார். நான் அழுதேன். முனியனின் பல் செட் அன்று முடியவில்லை.