குறை சொல்லி விற்ற கடை

பழைய ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்த்து விற்கிற கடை அது. வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே பொருளின் குறையைச் சொல்லிவிட வேண்டும், மறைத்துச் சம்பாதித்தால் கடவுள் முகத்தில் விழிக்க முடியாது என்பது கடைக்காரருடைய பிரார்த்தனைக் கூட்டத்தின் கட்டளை. அவரும் ஒன்று விடாமல் சொன்னார். வந்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் மனைவி இருபது வருஷம் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.

போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கடையைத் திறந்தாள். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

கட்டடம் அவள் அண்ணனுடையது. இன்றைக்குள் மீதமுள்ள பத்து ஃப்ரிட்ஜையும் விற்றுக் காட்டினால் கடை அவளுக்கு. இல்லாவிட்டால் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் செருப்புக் கடைக்காரருக்கு என்று அண்ணன் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. பத்தையும் எடுக்க ஒரு விடுதிக்காரரை அவரேதான் பிடித்து வந்தார்.

"நீ வாயைத் திறக்காம இரு, அது போதும்" என்றார்.

அவளும் திறப்பதாக இல்லை. ஃப்ரிட்ஜ் கதவுகளில் கணவர் சாக்பீஸால் எழுதிய குறைகளைக் காலையிலேயே துடைத்துவிட்டிருந்தாள்.

விடுதிக்காரர் எதையும் கேட்கவில்லை. தட்டிப் பார்த்தார், தலையாட்டினார், வண்டியை வரச் சொல்லப் போனை எடுத்தார்.

"இது மூணு மணி நேரம் ஓடினா கம்ப்ரசர் சூடாகி நின்னுடும்."

யாரோ பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அவள் வாய்தான் பேசிக்கொண்டிருந்தது.

"அதுல கேஸ் கசியும். ஓரத்துல இருக்கே, அதை ரெண்டு தடவை பிரிச்சுப் போட்டாச்சுங்க."

பத்தையும் சொல்லி முடித்தாள். விடுதிக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

"அவர் கும்பிட்ட சாமியா உனக்குச் சோறு போடும்?" அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "நீ அதைக் கும்பிட்டதுகூட இல்லையேம்மா!"

"இல்லதாண்ணே" என்றாள். கோபமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

அவர் கையை நீட்டினார். சாவிக்கொத்தை அதில் வைத்தாள்.

"மழை பெஞ்சா ஷட்டர் பாதியிலயே சிக்கிக்கும்" என்றாள். "செருப்புக் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க."